மாயாவியும் நான் கிழித்த புத்தகமும்



பேரன் ஜப்பான் மாங்கா ஒன்றைக் காட்டி, "தாத்தா, இந்தச் சண்டைக்கு அப்புறம் இவன் வேற ஆளு" என்றான். எனக்கு இரும்புக்கை மாயாவி ஞாபகம் வந்துவிட்டான்.

1962இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் பிறந்தவன். 1972இல் சிவகாசி முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்தான். மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கை தவிர உடம்பு முழுக்க மறைந்துவிடும். ஸ்பெயின் ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ வரைந்த சண்டைகளைப் பாருங்கள். அடிப்பவன் தெரியமாட்டான், அந்தரத்தில் கை மட்டும்தான். அடி வாங்குபவன் முகத்தில்தான் மொத்தச் சண்டையும்.

பலர் மறந்தது ஒன்று உண்டு. முதல் கதையில் அவன் வில்லன்! சக்தி தலைக்கேறித் திருடுகிறான், ஊரையே மிரட்டுகிறான். நல்லவர் பக்கம் வந்தது பிறகுதான்; உளவாளி ஆனது அதற்கும் பிறகு. கை மட்டும் அதே கை.

1980களில் ஆலங்காயத்தில் என் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் இதைப் பாடப்புத்தகத்துக்குள் மறைத்துப் படித்தான். பிடுங்கிக் கிழித்துப் போட்டேன். ஒரு பக்கம்கூடப் புரட்டிப் பார்க்கவில்லை. அன்று நான் நடத்திய பாடம், கலிங்கப் போருக்குப் பின் அசோகர் மாறியது.

தம்பி, இது உன் கண்ணில் பட்டால் விலாசம் அனுப்பு. மறுபதிப்பு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.