புல்மேடு வழி: தமிழ்நாட்டுச் சாமிமார் நடந்த பாதை

இந்த வருசம் மலைக்குப் போற சாமிமார் சில பேர், பம்பைக்குப் போகாம புல்மேடு வழியா நடக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. அதான் இந்தப் பதிவு.

எருமேலி பெரிய பாதை எல்லாருக்கும் தெரியும். புல்மேடு, தமிழ்நாட்டுப் பக்கத்துல இருந்து வர்றவங்களுக்குத் தோதான வழி. கம்பம், குமுளி தாண்டினா வண்டிப்பெரியார். சுத்தி தேயிலைத் தோட்டம். அங்கே பாடுபட்டதும் நம்ம ஜனங்கதான், நம்ம தாத்தா பாட்டி ஜொகூர் எஸ்டேட்ல பால்மரம் வெட்டின மாதிரி. பிறகு சத்திரம். அங்கிருந்து சன்னிதானத்துக்கு சுமார் 12 கிலோமீட்டர் நடை. மேலே ஏறினா மரமே இல்லாத பச்சைப் புல்வெளி, மலைக்கு மலை. அதைத் தாண்டினா அடர்ந்த காட்டுக்குள்ள இறக்கம். பெரியாறு புலிகள் காப்பகம் அது, யானை நடமாட்டம் உண்டு.

2011 ஜனவரி 14 ராத்திரி, மகரஜோதி பார்த்துட்டுத் திரும்பின கூட்டம் இந்தப் புல்மேட்டுலதான் நெரிசல்ல சிக்குச்சு. 100 பேருக்கு மேல இறந்தாங்க; தமிழ்நாட்டுச் சாமிமாரும் அதுல உண்டு. 1999-ல பம்பையில 50 பேருக்கு மேல போனதும் இதே ஜனவரி 14. ஃபேக்டரியில ஷிப்ட் முடிஞ்சு எல்லாரும் ஒரே கேட்டுக்கு ஓடினாலே என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். இது இருட்டு, காடு, குறுகின வழி.

அதனால என் கருத்து, மண்டல காலத்துல காலையிலேயே கிளம்பி நடக்கலாம். ஜோதி அன்னைக்கு அந்த வழி வேண்டாம். முட்டி வலி உள்ள பெரியவங்க, இறக்கம்தானேன்னு நினைக்காதீங்க, இறக்கம்தான் முட்டியைப் பிடிக்கும். மத்ததை சனிக்கிழமை பஜனை முடிஞ்சு பேசுவோம்.