பனிக்கு முன்னே வீடு

குளிர் உடம்பிற் பட்ட பின்னரே கம்பளியைத் தேடுவது வெப்ப நாட்டிற் பிறந்த நம் வழக்கம். வடபுலத்திற் பணி கருதிக் குடியேறியுள்ள நாம், காஷ்மீரப் பள்ளத்தாக்கின் பழைய வீடுகளிடம் கற்றுக்கொள்ளத்தக்க பாடமொன்று உண்டு. அங்கே குளிருக்குரிய ஆயத்தம் கோடையிலேயே தொடங்கிவிடும்.

நாம் பனிக்காலத்தை முன்பனி, பின்பனி என இரண்டாகப் பகுத்தோம். காஷ்மீர மக்கள் கடுங்குளிரை மூன்றாகப் பகுத்தனர். டிசம்பர் 21-ஆம் நாள் தொடங்கும் 40 நாட்கள் ‘சில்லை கலான்’. அதனைத் தொடரும் 20 நாட்கள் ‘சில்லை குர்த்’. இறுதி 10 நாட்கள் ‘சில்லை பச்சா’. இந்த 70 நாட்களையும் இடரின்றிக் கடப்பிப்பதே வீட்டின் முதற்கடமை.

இதற்குக் காரணம் குளிர் மட்டுமன்று, மலையும் ஆகும். பனி மூடினால் பானிஹால் கணவாய் அடைபடும். ஜம்முவிலிருந்து சரக்கு வாராது. 1956 டிசம்பரில் ஜவாஹர் சுரங்கப்பாதை திறக்கப்படும் வரையில் நிலை இதுவே. கடைத்தெருவை நம்ப இயலாத இடத்தில் வீடே களஞ்சியமாதல் வேண்டுமன்றோ?

ஆகவே கத்தரி, சுரை, தக்காளி, டர்னிப் ஆகியவற்றை அரிந்து வெயிலில் உலர்த்தினர். ‘ஹோக் ஸ்யுன்’ எனப்படும் இக்காய்கள், சித்திரை வெயிலில் நம் அன்னையர் இடும் வற்றலுக்கு உடன்பிறந்தவை. சினார் மரங்கள் சிவந்து உதிர்த்த இலைகளைப் பெண்டிர் கூட்டிக் குவித்து, எரித்து, நீர் தெளித்துக் கரியாக்கினர். அக்கரி காங்கிரிக்கு உணவாயிற்று. மெல்லிய கொம்புகளாற் பின்னிய கூட்டினுள் வைத்த மட்கலமே காங்கிரி. ‘ஃபெரன்’ என்னும் நீண்ட அங்கியினுள் அதனை ஏந்தியவாறே மக்கள் நடமாடுவர்.

வீட்டிற்கும் ஆடை வேண்டியிருந்தது. கூரையிற் பூர்ஜ மரப்பட்டையை அடுக்கி, அதன்மேல் மண் பரப்பினர். மரப்பின்னற் பலகணிகளின் மீது காகிதம் ஒட்டினர். வசதியுடையோர் இல்லங்களில் ‘ஹமாம்’ அறை இருந்தது. அதன் கற்பலகைத் தரையின் கீழே விறகு எரியும். தரையும், செப்புக் கலத்து நீரும் ஒருங்கே சூடேறும்.

இம்முறை நமக்கு முற்றிலும் அயலானதன்று. கூதிர்க் காலத்தைப் பாடும் நெடுநல்வாடையிலும் தென்றலுக்கென அமைந்த பலகணி தாழிடப்படுகிறது. விசிறி பயனின்றித் தொங்குகிறது. மக்கள் ‘தடவு’ என்னும் வாயகன்ற கணப்பை நாடுகின்றனர்.

காஷ்மீரத்தில் இன்று தகரமும் கண்ணாடியும் சிமெண்டும் வந்துவிட்டன. 2025 ஜூனில் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு இரயிலும் ஓடத் தொடங்கிற்று. ஆயினும் காய்களை உலர்த்தும் வழக்கம் மறையவில்லை. பனியும் மண்சரிவும் இன்றும் சாலையை மறிப்பதுண்டு.

ஒரு மாற்றத்தை மட்டும் நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும். காகிதம் ஒட்டிய பழைய பலகணி காற்றை முற்றும் தடுத்ததில்லை. கண்ணாடியும் சிமெண்டும் இறுக அடைத்த இன்றைய அறையோ அவ்வாறன்று. அங்கே கரிக்கணப்பை வைத்து உறங்கினால், எரியும் கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்ஸைடு அறையை நிரப்பும். நிறமும் மணமும் அற்ற அவ்வாயு, உறங்குவோரை எழுப்பாமலே உயிர் கவரும். வடநாட்டுக் குளிர்காலத்தில் இத்தகைய மரணங்கள் இன்றும் நேர்கின்றன.

பழைய வீட்டிடம் முன்யோசனையைக் கற்போம். ரஜாயையும் கம்பளியையும் ஐப்பசி வெயிலிலேயே உலர்த்தி வைப்போம். கணப்பு எரியும் அறையிற் பலகணியைச் சிறிது திறந்து வைப்போம்; உறங்குமுன் கணப்பை வெளியே எடுத்து வைப்போம். குளிரைத் தடுப்பது போலவே காற்றுக்கு வழிவிடுவதும் வீட்டை ஆயத்தம் செய்வதன் பகுதியே ஆகும்.