குதிரையின் குறையும் விற்பவரின் மௌனமும்

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் ஒரு குதிரை வருகிறது. உரிமையாளர் அதை ஏலத்தில் விற்கிறார். அதற்குக் குறை உண்டென்பது அவருக்குத் தெரியும். ஆயினும் வாய் திறக்கவில்லை. இது மோசடி ஆகாது என்கிறது 17ஆம் பிரிவின் முதல் எடுத்துக்காட்டு. வாங்குபவர் அவருடைய மகளாகவும், அப்போதுதான் உரிய வயதை எட்டியவராகவும் இருந்தால், குறையைச் சொல்லும் கடமை தந்தைக்கு உண்டு. அடுத்த எடுத்துக்காட்டு மொழியியலாளருக்கு விருந்து. மறுப்பேதும் வராவிட்டால் குதிரை நலமாக இருப்பதாகவே எடுத்துக்கொள்வதாக வாங்குபவர் சொல்கிறார், விற்பவர் பேசாதிருக்கிறார். இங்கே மௌனமே பேச்சாகிவிடுகிறது.

சொல்லப்படுவதற்கும் புரிந்துகொள்ளப்படுவதற்கும் இடையே தொலைவு உண்டு என்பதைச் சட்டம் அன்றே அறிந்திருந்தது. ஆனால் அத்தொலைவைக் கடக்கும் சுமையைப் பெரும்பாலும் வாங்குபவர் தலையிலேயே ஏற்றியது. இயல்பான கவனத்துடன் உண்மையைக் கண்டறிய வாய்ப்பிருந்தவர், வஞ்சக நோக்கமற்ற தவறான கூற்றைக் காட்டி ஒப்பந்தத்திலிருந்து விலக முடியாது என்பது 19ஆம் பிரிவின் விதிவிலக்கு. 1889இல் வந்த வணிகப் பொருள் குறியீட்டுச் சட்டம், சரக்கின் அளவு, எடை, பிறந்த நாடு முதலியவற்றைப் பற்றிய பொய் விவரணையைக் குற்றமாக்கியது. மறைமுகக் குறிப்பையும் விவரணையாகவே கொண்டது. எனினும் அதன் அக்கறை வாங்குபவரைவிட, போட்டி வணிகரின் நலன் மீதே மிகுதியாக இருந்தது எனலாம்.

விடுதலைக்குப் பின்னும் நிலைமை விரைவில் மாறவில்லை. 1969ஆம் ஆண்டின் ஏகபோக, கட்டுப்பாட்டு வணிக நடைமுறைகள் சட்டம் நிறுவனங்களின் ஆதிக்கத்தை அடக்க முனைந்தது. விளம்பரச் சொற்களை அது தொடவில்லை. போட்டி சீரானால் நுகர்வோர் தாமாகவே காக்கப்படுவர் என்ற அந்த நம்பிக்கையைச் சச்சார் குழு 1978இல் கேள்விக்குள்ளாக்கியது. அதன் பயனாக 1984இல் 36அ பிரிவு சேர்க்கப்பட்டு, 'நேர்மையற்ற வணிக நடைமுறை' என்ற கருத்து சட்டத்தில் இடம்பெற்றது. நுகர்வோருக்கு இழப்போ தீங்கோ நேர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. 1991இல் அதுவும் நீங்கியது.

இப்பிரிவை உச்ச நீதிமன்றம் 1989இல் உரசிப் பார்த்த வழக்கு மின்கலம் பற்றியது. லக்கன்பால் நேஷனல் என்ற நிறுவனம் தன் 'நோவினோ' மின்கலங்கள் ஜப்பானின் நேஷனல் பானாசோனிக் கூட்டுறவில் தயாராவதாக விளம்பரம் செய்தது. உண்மையான கூட்டாளி மாட்சுஷிட்டா எலக்ட்ரிக் நிறுவனம். நேஷனல், பானாசோனிக் ஆகியவை அதன் வணிகப் பெயர்கள். இல்லாத நிறுவனத்தின் பெயரைச் சொன்னது நேர்மையற்ற நடைமுறை என்று ஆணையம் முடிவு செய்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சொல்லளவில் பிழையான கூற்றும் உண்மையைச் சரியாகச் சேர்ப்பிக்கலாம். சொல்லளவில் சரியான கூற்றும் தந்திரமான நடையால் ஏமாற்றலாம். சாதாரண மனிதரிடம் அது என்ன விளைவை உண்டாக்குகிறது என்பதே அளவுகோல் என்றது. மாட்சுஷிட்டா என்ற பெயரைவிட அதன் பொருள்களின் பெயர்களே இங்கு அறிமுகமானவை. எனவே வாங்குபவர் ஏமாறவில்லை. (அந்த ஜப்பானிய நிறுவனம் 2008இல் தன் பெயரையே பானாசோனிக் என்று மாற்றிக்கொண்டது. விளம்பரம் 'பொய்யாக' இருந்தது காலக்கணக்கில்தான் போலும்.)

தீர்ப்பின் தருக்கம் சரியானதே. சொற்பொருளிலிருந்து கேட்பவரின் புரிதலுக்கு அளவுகோலை நகர்த்தியது அதன் சாதனை. நிறுவனத்தை விடுவித்த அந்த அளவுகோலே, எழுத்தளவில் உண்மை பேசி ஏமாற்றும் வேறு நிறுவனங்களைப் பிடிக்கவும் உதவும். ஆனால் கேட்பவர் யார்? இத்தனை மொழிகள் வழங்கும் நாட்டில் 'சாதாரண மனிதர்' எந்த மொழியில் படிக்கிறார் என்ற கேள்வி எழாமலே போனது.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்கிறது. 1872இன் குதிரை வணிகர் இன்று தம் குதிரைக்கு விளம்பரம் கொடுத்தால் மௌனம் அவரைக் காக்காது. 2022இன் வழிகாட்டு நெறிகள் இன்னும் ஓரடி முன்னே சென்றன: விளம்பரத்தின் பொறுப்புத்துறப்புக் குறிப்பு, உரிமைகோரல் எந்த மொழியில் உள்ளதோ அதே மொழியில் இருக்க வேண்டும். பெரிய எழுத்தில் தாய்மொழி வாக்குறுதியும் பொடி எழுத்தில் ஆங்கில நிபந்தனையும் இனிக் கூடாது.

இது விளம்பரத்துக்கு மட்டும். கடையில் கைக்கு வரும் பொட்டலத்தை ஆள்வது 2011இன் பொட்டலப் பொருள் விதிகள். கட்டாய விவரங்கள் தேவநாகரி இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும் என்கின்றன அவை. பிற மொழிகளைக் கூடுதலாகச் சேர்க்கத் தடையில்லை, கட்டாயமும் இல்லை.