ஆற்று நீரில் மலக் கலப்பின் மூலத்தை அறிதல்

நகரங்களுக்குக் குடிநீர் தரும் ஆறுகளில் மலக்கழிவு கலந்துள்ளதா, அது மனிதருடையதா கால்நடைகளுடையதா, எந்த இடத்தில் எவ்வழியாக ஆற்றில் சேர்கிறது என்பவற்றைக் கண்டறியும் ஆய்வு முறைகளின் தொகுப்பு இது. பொதுச் சுகாதாரம், நுண்ணுயிரியல், மரபணுவியல், வேதியியல் ஆகிய துறைகள் இதில் கைகோக்கின்றன. கலப்பு இருப்பதை மட்டும் அறிந்தால் குளோரினைக் கூட்டிப் போடலாம். அது வரும் வழியை அறிந்தால்தான் அடைக்க முடியும்.

வரலாறு

1854இல் லண்டனில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்னோ செய்த ஆய்வு இத்துறையின் முன்னோடி. நகரின் தென்பகுதியில் ஒரே தெருக்களில் இரண்டு நிறுவனங்கள் தேம்ஸ் ஆற்று நீரை வழங்கிவந்தன. சதக் அண்ட் வாக்ஸால் நிறுவனம் நகரச் சாக்கடை கலக்கும் பகுதியிலேயே நீர் எடுத்தது. லாம்பெத் நிறுவனம் 1852இல் தன் நீரேற்று இடத்தை நகருக்கு மேலே, தேம்ஸ் டிட்டனுக்கு மாற்றியிருந்தது. முதல் நிறுவனத்தின் நீரைப் பெற்ற வீடுகளில் பத்தாயிரம் வீட்டுக்கு 315 பேரும், இரண்டாவதன் வீடுகளில் 37 பேரும் இறந்ததாக ஸ்னோ கணக்கிட்டார்.

தங்கள் வீட்டுக்கு எந்த நிறுவனம் நீர் தருகிறது என்பது பலருக்குத் தெரியவில்லை. ஸ்னோ நீரில் வெள்ளி நைட்ரேட் கரைசலை விட்டுப் பார்த்தார். சதக் நிறுவன நீரில் உப்பு பல மடங்கு அதிகம் என்பதால் வெண்ணிற வீழ்படிவு திரண்டது. லாம்பெத் நீரில் லேசான மங்கல் மட்டுமே தோன்றியது. வேதிப்பொருளைத் தடயமாகக் கொண்டு நீரின் பிறப்பிடத்தை அறிந்த தொடக்ககால எடுத்துக்காட்டு இது.

சுட்டு நுண்ணுயிரிகள்

நோய்க்கிருமிகள் பலவகை, நீரில் அவை இருக்கும் எண்ணிக்கையோ குறைவு. ஒவ்வொன்றையும் தேடுவது நடைமுறையில் இயலாது. எனவே குடலில் ஏராளமாக வாழும் பாக்டீரியாவைத் தேடி, அது இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று கொள்கிறார்கள். 1885இல் தியோடர் எஷரிக் விவரித்த, பின்னர் அவர் பெயரையே பெற்ற ஈ.கோலை இவற்றுள் முதன்மையானது. 100 மில்லிலிட்டர் நீரை நுண்துளைச் சவ்வில் வடிகட்டி, ஊட்டத் தளத்தில் வைத்து, 44.5 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் வளர்க்கிறார்கள். சவ்வில் தங்கிய ஒவ்வொரு பாக்டீரியாவும் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாகப் பெருகும். புள்ளிகளை எண்ணினால் கலப்பின் அளவு கிடைக்கும்.

குடிநீரில் 100 மில்லிலிட்டருக்கு ஒரு ஈ.கோலைகூடத் தென்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500இன் விதியும் அதுவே. வழக்கமான சுத்திகரிப்புக்குப் பின் குடிநீராகும் ஆற்று நீரில், ஈ.கோலை அடங்கிய பாக்டீரியாக் குழுவான மொத்தக் கோலிபார்ம் 100 மில்லிலிட்டருக்கு 5,000க்கு மிகக் கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை.

களஆய்வு

ஆய்வுக்கூடத்துக்கு முன் ஆற்றங்கரை. ஓடை, வாய்க்கால், சாக்கடை ஒவ்வொன்றும் ஆற்றில் சேரும் இடத்துக்கு மேலும் கீழும் மாதிரி எடுக்கப்படும். கிருமி நீக்கிய பாட்டிலின் வாய் நீரோட்டத்தை எதிர்நோக்க, கை படாமல் பிடிக்க வேண்டும். மேலே சிறிது காற்றிடம் விட்டு மூடி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துச் சில மணி நேரத்துக்குள் கூடம் சேர்க்க வேண்டும்.

எண்ணிக்கையோடு நீரோட்ட அளவையும் பெருக்கிப் பார்ப்பது முக்கியம். 100 மில்லிலிட்டருக்கு 10 லட்சம் பாக்டீரியாவுடன் நொடிக்கு 2 லிட்டர் வரும் சாக்கடையைவிட, 1 லட்சத்துடன் நொடிக்கு 100 லிட்டர் வரும் வாய்க்கால் ஐந்து மடங்கு சுமையை ஆற்றில் சேர்க்கிறது. மழையில்லா நாளிலும் எண்ணிக்கை உயர்ந்தே இருந்தால் குழாய் உடைப்பையோ நேரடிச் சாக்கடை இணைப்பையோ தேட வேண்டும். மழையோடு உயர்ந்தால், நிலத்திலிருந்து அடித்து வரப்படும் கழிவையும் நிரம்பி வழியும் சாக்கடையையும் ஆராய வேண்டும்.

மரபணுத் தடயங்கள்

ஈ.கோலை மனிதக் குடலிலும் மாட்டின் குடலிலும் வாழ்வதால் மூலத்தை அது சொல்லாது. மலக் கோலிபார்முக்கும், மல ஸ்ட்ரெப்டோகாக்கை என்னும் மற்றொரு குடல் பாக்டீரியா வகைக்கும் உள்ள விகிதம் 4க்கு மேலிருந்தால் மனித மலம் என்னும் பழைய கணிப்பும் கைவிடப்பட்டது. இரண்டும் நீரில் வெவ்வேறு வேகத்தில் மடிவதால் விகிதம் நாளுக்கு நாள் மாறிவிடுகிறது.

இன்று பெரிதும் பயன்படுவது பாக்டீராய்டிஸ் வகைப் பாக்டீரியாவின் மரபணுக் குறிகள். காற்றில்லாக் குடலுக்குள் மட்டுமே செழிக்கும் இவை, வெளியே அதிக நாள் தாங்குவதில்லை. 2000இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநில ஆய்வாளர்கள் விவரித்த எச்.எஃப்.183 என்னும் குறி மனித மலத்துக்குரியது. அசைபோடும் கால்நடைகளுக்கும் தனிக் குறிகள் உள்ளன. பி.சி.ஆர். கருவி இவற்றைப் பெருக்கி அளவையும் தருகிறது. குடல் பாக்டீரியாவைத் தாக்கும் கிராஸ்ஃபேஜ் என்னும் வைரஸும் (2014இல் அறியப்பட்டது), உணவு வழியே மனிதக் குடலைக் கடந்து சிதையாமல் வெளியேறும் மிளகாய்ச் செடி வைரஸ் ஒன்றும் மனிதக் கழிவின் அடையாளங்கள்.

வேதித் தடயங்கள்

மனித மலத்தில் கோப்ரோஸ்டனால் என்னும் கொழுப்புப்பொருள் மிகுந்திருக்கும். மேயும் கால்நடைகளின் சாணத்தில் தாவரக் கொழுப்பிலிருந்து உண்டாகும் அதன் இனப்பொருள் மிகும். காபியின் கஃபீன், செயற்கை இனிப்பூட்டிகள், வலிப்பு மருந்தான கார்பமசெபின், சலவைத்தூளின் வெளுப்பூட்டிகள் ஆகியவை வீட்டுக் கழிவுநீரைக் காட்டிக்கொடுக்கும்.

தில்லி, 1955–56

யமுனையில் வஜீராபாதில் தில்லிக்குக் குடிநீர் எடுக்கப்படுகிறது. நஜஃப்கர் சாக்கடை அதற்குக் கீழே ஆற்றில் சேர்கிறது. 1955 வெள்ளத்துக்குப் பின் ஆறு தடம் மாற, சாக்கடை நீர் பின்னோக்கி வந்து நீரேற்று இடத்தில் கலந்தது. படிகாரமும் குளோரினும் கூட்டிப் போடப்பட்டன. டைபாய்டு போன்ற பாக்டீரியா நோய்கள் உயரவில்லை. ஆனால் சில வாரங்களில் சுமார் 29,000 பேரை மஞ்சள் காமாலை தாக்கியது. சேமித்து வைத்த ரத்த மாதிரிகளை 1980இல் ஆராய்ந்தபோது அது ஹெப்படைட்டிஸ் ஏ அல்ல என்று தெளிவாயிற்று. அந்த வைரஸ் நோயே பின்னர் ஹெப்படைட்டிஸ் ஈ எனப் பெயர் பெற்றது. பாக்டீரியாவை அடக்கும் சுத்திகரிப்பு வைரஸை அடக்கியதாகாது என்பதற்கு இது அழியாச் சான்று.

வரம்புகள்

வெப்ப நாடுகளின் மண்ணிலும் வண்டலிலும் ஈ.கோலை தானே பெருகக்கூடும்; அதனால் எண்ணிக்கை மட்டும் புதிய மலக் கலப்பை நிறுவாது. பி.சி.ஆர். செத்த பாக்டீரியாவையும் உயிருள்ளதையும் பிரித்தறியாது. மனிதக் குறிகள் சில சமயம் நாய், கோழி எச்சங்களிலும் தென்படுவதால், ஒவ்வொரு ஆற்றுப் பகுதியிலும் உள்ளூர் மாதிரிகளைக் கொண்டு குறியைச் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும். ஒரே சோதனையை நம்பித் தீர்ப்புக் கூறக் கூடாது.

முக்கியத்துவம்

மூலத்துக்கேற்ப மருந்தும் மாறும். மனிதக் கழிவென்றால் உடைந்த பாதாளச் சாக்கடையைச் சீராக்கி, செப்டிக் டேங்க் லாரிகள் ஆற்றோரம் கொட்டுவதைத் தடுக்க வேண்டும்; கால்நடைக் கழிவென்றால் தொழுவக் கழிவை ஆற்றுக்கு வராமல் தேக்க வேண்டும். கால்நடைகள் வழியும் பரவும் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி வழக்கமான குளோரினுக்கு மசியாது என்பதால் இரண்டாவதையும் அலட்சியப்படுத்த முடியாது. குடிநீர் தரும் ஆற்றை வைத்திருக்கும் ஒவ்வொரு நகரமும் கோலிபார்ம் எண்ணுவதோடு நில்லாமல், கழிவு வரும் வாயையும் தேடிக் கண்டு, முடிவுகளை மக்கள் முன் வைக்க வேண்டும். மூலத்தில் அடைபடாத கழிவுக்குச் சுத்திகரிப்பு நிலையம் முழுக் காவலாகாது.