ஓவன் விளக்கில் உறையும் தயிர்

கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டு ஓவனுக்குள் சின்ன பல்பு ஒன்று இரவும் பகலும் எரிகிறது. ஓவனைச் சூடாக்குவதில்லை. அந்தப் பல்பின் வெக்கையே போதும், உள்ளே 40 பாகை வரை வரும். மூடி போட்ட கண்ணாடிப் போத்தல்களில் பால் இருக்கும். நேற்றுப் பின்னேரம் 6 மணிக்கு வைத்ததை இன்று பின்னேரம் 6 மணிக்குத்தான் எடுப்பேன். அம்மாவுக்கு இது பொறுக்காது. “உறைஞ்ச உடன எடுத்துக் குளிருக்கை வையன் பிள்ளை. இப்பிடிப் புளிச்ச தயிரை ஆர் வருத்தக்காரருக்குக் குடுப்பினம்?”

வருத்தக்காரி என் மகள். 11 வயதில் பெருங்குடலில் புண் என்று கண்டுபிடித்தார்கள். மருந்தை நிறுத்தவில்லை. அதோடு சேர்த்து, மருத்துவருக்குத் தெரிந்தே, ஓர் உணவுமுறையும் தொடங்கினோம். சோறில்லை, பாணில்லை, உருளைக்கிழங்கில்லை, சீனியில்லை, பாலும் இல்லை. ஆனால் முதிர்ந்த செடார் சீஸ் உண்டு. 24 மணித்தியாலம் உறைந்த தயிரும் உண்டு. பால் ஆகாது, பாலில் செய்த சீஸ் ஆகும் என்றால் இது யார் போட்ட கணக்கு? அதைத் தேடிக்கொண்டுதான் நூலகத்துக்குப் போனேன்.

தேடல் முதலில் பேர்லினுக்குக் கொண்டுபோனது. 1910இல் ஹைன்ரிஷ் ஃபிங்கெல்ஸ்டைன் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய சகா லுட்விக் மையரும் வயிற்றுப்போக்கில் வாடிய குழந்தைகளுக்காக ஒரு பாலைச் செய்தார்கள். ஒரு லீற்றர் பாலை உறைமோர் இல்லாமல், கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் இட்டுத் திரைய வைப்பார்கள். தெளிந்த நீரை வடித்துக் கொட்டிவிட்டு, கட்டியை அரிதட்டில் திரும்பத் திரும்பத் தேய்த்து மாவாக்கி, அரை லீற்றர் தண்ணீரும் அரை லீற்றர் மோரும் சேர்ப்பார்கள். கொட்டிய நீரோடு பாற்சர்க்கரையின் பெரும்பகுதி போய்விடும், புரதம் தங்கும். பாலைக் கைவிடாமல், குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாததை மட்டும் அதிலிருந்து பிரித்துவிட்டார்கள். பின்னாளில் நாசிகள் ஆட்சியில் யூதரான ஃபிங்கெல்ஸ்டைன் ஜெர்மனியை விட்டு ஓடவேண்டி வந்தது. 1942இல் சிலியின் சாந்தியாகோவில் இறந்தார். நாட்டை விட்டு வந்தவள் என்பதாலோ என்னவோ, அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

அந்தப் புரதப் பாலை நியூயோர்க்கில் கையில் எடுத்தவர் சிட்னி வாலன்டைன் ஹாஸ். அப்போது சீலியாக் நோய் வந்த பிள்ளைகள் வயிறு ஊதி, கைகால் சூம்பி, பலர் இறந்தே போனார்கள். காரணம் யாருக்கும் தெரியாது. ஹாஸ் 1924இல் 10 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தை நடுவில் வைத்த உணவை உண்ட 8 பேர் தேறினார்கள். அந்த உணவு கிடைக்காத 2 பேர் இறந்துவிட்டார்கள். பாண், பிஸ்கற், தானியம், உருளைக்கிழங்கு எல்லாம் விலக்கு. புரதப் பால், நீர் வடித்த வெண்கட்டி, இறைச்சி, மரக்கறி, தோடம்பழம் எல்லாம் சேரும். மருத்துவ வரலாறு தேறிய எட்டுப் பேரைத்தான் கொண்டாடுகிறது. எனக்கு அந்த இரண்டு தாய்மாரின் நினைவுதான் வருகிறது.

ஹாஸின் உணவு வேலை செய்தது. ஆனால் அது ஏன் வேலை செய்தது என்பதில் அவர் தவறினார். வாழைப்பழம்தான் குணமாக்குகிறது, மாச்சத்துத்தான் எதிரி என்று நம்பினார். ஒல்லாந்தில் வில்லெம் கரெல் டிக்கே என்ற மருத்துவருக்குப் போருக்கு முன்னரே கோதுமை மேல் சந்தேகம் இருந்தது. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் பாண் கிடைக்காமல் போனபோது சீலியாக் பிள்ளைகள் தேறினார்கள், பாண் திரும்பியதும் மறுபடி விழுந்தார்கள். 1950இல் அவர் தன் ஆய்வை உட்ரெக்டில் சமர்ப்பித்தார். குற்றவாளி கோதுமையில் உள்ள குளூட்டன் என்பது அதன்பின் துலங்கியது. ஹாஸ் கடைசி வரை அதை ஏற்கவில்லை. தன் பிள்ளைகள் முற்றாகக் குணமானவர்கள் என்றே சொன்னார். குணமாகிவிட்டதென்று நம்பிப் பாணுக்குத் திரும்பியவர்கள் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். நல்ல மருத்துவர், ஆனால் இதில் அவரை நான் மன்னிப்பதாயில்லை.

அந்த உணவு அவரோடு மறைந்திருக்கும். அதைக் காப்பாற்றியவர் ஒரு தாய். 1950களின் கடைசியில், எலேன் கோட்சால் என்ற பெண் தன் 8 வயது மகளோடு ஹாஸிடம் வந்தார். பிள்ளைக்குப் பெருங்குடல் புண். அறுவை சிகிச்சைதான் என்று மற்றவர்கள் சொல்லிவிட்ட நிலை. முதியவரான ஹாஸ், பிள்ளை என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டு, தன் உணவுமுறையைக் கொடுத்தார். இரண்டு வருடத்தில் அவள் நோயின் அடையாளம் இல்லாமல் வளர்ந்தாள். 1964இல் ஹாஸ் இறந்தார். எலேன் 47 வயதில் படிக்கப் போனார். இங்கே ஒன்ராறியோவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் வரை படித்து, 1987இல் புத்தகம் எழுதினார். 1994இல் அது ‘பிரேக்கிங் த விஷியஸ் சைக்கிள்’ என்ற பெயரில் வந்தது. 2005இல் மறையும் வரை முன்பின் தெரியாத தாய்மாருக்கெல்லாம் தொலைபேசியில் வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

24 மணித்தியாலக் கணக்கு அவருடையது. ஒரு கோப்பைப் பாலில் ஏறக்குறைய 12 கிராம் பாற்சர்க்கரை இருக்கிறது. அது இரண்டு சர்க்கரைகள் பிணைந்த ஒன்று. புண்பட்ட குடலால் அந்தப் பிணைப்பை வெட்ட முடியாது, வெட்டப்படாத சர்க்கரை கெட்ட கிருமிகளுக்குத் தீனியாகிறது என்பது அவருடைய வாதம். தயிர்க் கிருமி அந்த வேலையை நமக்காகச் செய்துவிடும், அதற்கு நேரம் கொடுத்தால். தொழிற்சாலையில் நாலைந்து மணித்தியாலத்தில் உறைந்ததும் குளிரில் வைத்துவிடுவார்கள். சர்க்கரையில் கணிசமான பங்கு அப்படியே கிடக்கும். கெட்டிக்காகப் பால்மாவும் கலந்தால் அது இன்னும் கூடும். உறையில்கூட பல்காரிக்கஸ், தெர்மோஃபிலஸ் போன்ற பழைய கிருமிகள் இருக்கலாம், பிஃபிடஸ் கூடாது என்று எலேன் கண்டிப்பாகச் சொன்னார். பல்காரிக்கஸை 1905இல் ஜெனீவாவில் அடையாளம் கண்டவர் ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மாணவர்.

கடைத் தயிரே ஒருகாலத்தில் மருந்தாக இருந்தது. சலோனிகாவில் பிறந்த ஐசாக் கராசோ 1919இல் பார்சலோனாவில், குடல் கெட்ட பிள்ளைகளுக்கென்று தயிர் செய்து மருந்துக்கடைகளில் விற்றார். மகன் டேனியலின் செல்லப் பெயரில் அது டனோன் ஆனது. 1942இல் அமெரிக்காவுக்கு வந்தது. புளிப்பு அங்கே விலைபோகவில்லை. 1947இல் அடியில் ஸ்ட்ரோபெரிப் பழப்பாகு போட்டார்கள், விற்பனை ஏறியது. மருந்துக்கடையிலிருந்து இனிப்புத் தட்டுக்கு வர 30 வருடம்கூட ஆகவில்லை.

சீஸிலும் நேரம்தான் கணக்கு. பாற்சர்க்கரையின் பெரும்பங்கு வடிநீரோடு போய்விடும், மிச்சத்தைக் கிருமிகள் தின்று தீர்க்கும். குறைந்தது 12 மாதம் கிடந்த பார்மிஜானோவில் தேடினாலும் கிடைக்காது. ரிக்கோட்டா வடிநீரிலேயே செய்வது, ஆகாது. இளசான மொசரெல்லாவும் ஆகாது. ஊரில் எங்களுக்குச் சீஸ் என்றால் வெள்ளித்தாள் சுற்றிய முக்கோணத் துண்டு. அது 1911இல் சுவிட்சர்லாந்தின் தூன் நகரில் கெர்பரும் ஸ்டெட்லரும் கண்ட உருக்குச் சீஸின் வழிவந்தது. உருக்கும்போது பால்மாவும் வடிநீர்த்தூளும் சேர்த்தால், மாதக்கணக்கில் போன சர்க்கரை ஒரு கொதியில் திரும்பிவிடும். மகள் அதைக் கேட்டு அழுத நாளில்தான் இதை எனக்கே விளக்கிக்கொண்டேன்.

எலேனின் வாதம் முழுக்க நிரூபணமானதல்ல. 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கிரோன் என்ற இன்னொரு குடல் நோயுள்ள 194 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேர் இந்த உணவையும் மற்றவர்கள் மத்தியதரைக்கடல் உணவையும் உண்டார்கள். 6 வாரத்தில் நோய்க்குறி தணிந்தவர் இந்த உணவில் நூற்றுக்கு 46.5, மத்தியதரைக்கடல் உணவில் 43.5. பெரிய வித்தியாசமில்லை. அரிசிச் சோறு பிள்ளைக்கு எப்போது திரும்ப வரும் என்ற கேள்வியோடு நான் அந்த எண்களை அடிக்கடி பார்க்கிறேன்.

கொட்டேஜ் சீஸில் கடைசியாகக் கலக்கும் கிரீம் இல்லாமல், உலர்ந்த கட்டியாக விற்கும் வகை ஒன்று இங்கே கிடைக்கிறது. ஹாஸின் பட்டியலில் இருந்த வெண்கட்டியும் இந்த இனம்தான். சனிக்கிழமைகளில் வாங்கிவருவேன். மேசையில் வாழைப்பழம் தோலில் கறுப்புப் புள்ளி விழும்வரை காத்துக் கிடக்கும். மாச்சத்து சர்க்கரையாக மாற அவ்வளவு நாள் வேண்டும். அம்மாதான் புள்ளிகளைப் பார்த்துச் சொல்வார். பிறகு பழத்தை உரித்து, வெண்கட்டியோடு பிசைந்து, ஓவன் விளக்கில் உறைந்த தயிரை மேலே ஊற்றி, என் மகளுக்கு முன்னால் வைப்பார்.