தவணைக் கணக்கும் தமிழ் மேடையும்

நாஞ்சில் நாட்டு வரலாற்றை எழுத முற்படுவோர் சுசீந்திரத்தையும் எல்லைப் போராட்டத்தையும் விரிவாக எழுதுவர். பிழைப்புத் தேடிச் சென்னைக்குச் சென்று கடை வைத்தவர்களை ஒரு வரியில் முடித்துவிடுவர். அகத்தீசுவரம் எச். வசந்தகுமார் அந்த ஒரு வரிக்குள் அடங்காதவர்.

1950 ஏப்ரல் 14-இல் பிறந்த அவருக்கு, குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்தபோது வயது ஆறு. தமையனார் குமரி அனந்தன் மேடைத் தமிழால் பெயர் பெற்றவர். 1977-இல் நாகர்கோவில் தொகுதியிலிருந்து மக்களவை சென்று, அங்கே தமிழில் வினாத் தொடுக்கும் உரிமைக்காக வாதாடியவர். இளையவரின் தலைமுறையில் கல்லூரியில் உடன் பயின்றோர் பெரும்பாலும் ஆசிரியப் பணியையோ அரசுப் பணியையோ நாடினர். அவர் நாடியது வணிகம். வி.ஜி.பி. நிறுவனத்தில் விற்பனையாளராக இருந்து தொழில் பயின்று, 1978-இல் சென்னையில் வசந்த் அண்ட் கோவைத் தொடங்கினார்.

தவணை வணிகத்தின் நுட்பத்தை இங்கே சற்று நின்று நோக்கவேண்டும். அந்நாளில் மின்விசிறிக்கும் தையல் இயந்திரத்துக்கும் வங்கிக் கடன் கிடைப்பது அரிது. கடைக்காரர் சிறிது முன்பணம் பெற்றுக்கொண்டு பொருளைக் கொடுத்துவிடுவார். மீதி மாதந்தோறும் வரவேண்டும். ஈடாக நகையோ நிலமோ கேட்பதில்லை. ஆளை எடைபோடத் தெரியாதவர் இத்தொழிலில் நெடுநாள் நிலைக்க முடியாது. வசந்தகுமார் நிலைத்தார், கிளைகள் பெருகின. விளம்பரத்திலும் தம் முகத்தையே முன்னிறுத்தினார். அதைக் கண்டு புன்னகைத்தவர் உண்டு, மறந்தவர் அரியர்.

அந்த முகத்தின் மதிப்பு 2014-இல் தெரிந்தது. காங்கிரசு தனித்து நின்று, தமிழகத்தில் ஏறத்தாழ எல்லாத் தொகுதிகளிலும் வைப்புத்தொகை இழந்த அம்மக்களவைத் தேர்தலில், கன்னியாகுமரியில் அவர் இரண்டாமிடம் பெற்றார். 2006-இலும் 2016-இலும் நாங்குநேரியில் வென்று சட்டமன்றம் சென்றவர், 2019-இல் ஏறத்தாழ 2,60,000 வாக்கு வேறுபாட்டில் கன்னியாகுமரியின் மக்களவை உறுப்பினரானார். அவ்வெற்றியில் கூட்டணிக்கும் பங்குண்டு; 2014-இன் தோல்வியே அவருடைய சொந்தச் சம்பாத்தியம்.

அப்பதவியில் இருந்தது ஓராண்டும் சில திங்களுமே. 2020 மார்ச்சில் கொரோனாவால் பிழைப்பிழக்கும் எளியோருக்காக அவையில் பேசினார். அந்நோய்க்கே ஆளாகி, அவ்வாண்டு ஆகஸ்டு 28-இல் சென்னையில் மறைந்தார். 30-ஆம் நாள் அகத்தீசுவரத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. தம்பியை இழந்தபோது குமரி அனந்தனுக்கு வயது 87. 2025 ஏப்ரலில் அவரும் மறைந்தார்.