மாசிக்காய் ஒரு காயே அல்ல

குழந்தைக்கு உரைமருந்து உரைக்கும் வீடுகளில் மாசிக்காய் இருக்கும். அடுத்த முறை நாட்டுமருந்துக் கடையில் வாங்கும்போது உற்றுப் பாருங்கள். சிலவற்றில் ஊசியால் குத்தியதுபோல் ஒரு துளை தெரியும். துருக்கி, ஈரான் பக்கத்து ஓக் மரக்கிளையில் ஒரு சிறு குளவி முட்டையிட, மரம் அதைச் சுற்றி வளர்த்துக்கொண்ட புடைப்புதான் மாசிக்காய். வளர்ந்த குளவி வெளியேறிய வழிதான் அந்தத் துளை.

இத்தகைய புடைப்புகளை இரும்பு உப்போடு சேர்த்துத்தான் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுதும் மை தயாரித்தார்கள். ஆனால் உள்ளே புழு எப்படி வந்தது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. மூடிவைத்த இறைச்சியில் புழு தானாகத் தோன்றாது, ஈ முட்டையிட்டால்தான் வரும் என்று 1668-இல் இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி சோதித்துக் காட்டினார். அப்படிப்பட்டவரே, புடைப்புக்குள் இருக்கும் புழுவை மட்டும் மரத்தின் உயிர்ச்சக்திதான் பெற்றெடுக்கிறது என்று நம்பினார்! பொலோன்யாவின் மார்செல்லோ மால்பிகி புடைப்புகளை அறுத்து ஆராய்ந்து, வெளியிலிருந்து வந்த பூச்சி இட்ட முட்டையே காரணம் என்று 1679-இல் படங்களோடு எழுதினார்.

நம் வளாகத்துக்கு வருவோம். பார்க்கிங் ஓரத்துப் புங்கமர இலைகளில் விரல்விரலாக முளைத்திருப்பதைப் பார்த்து, மரத்துக்கு வியாதி, வெட்டிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். கத்தியை மரத்தில் வைப்பதற்கு முன் ஓர் இலையில் வைத்துப் பாருங்கள். உள்ளே இருப்பவை பூச்சிகூட அல்ல, நான்கே கால்கள் கொண்ட சிலந்திப்பேன்கள். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, பள்ளிப் பிள்ளைகளின் மைக்ரோஸ்கோப் வேண்டும். மருந்து அடித்தாலும் புடைப்புக்குள் சரியாக எட்டாது. இவை மனிதரைக் கடிக்காது, பக்கத்து மாமரத்துக்கும் தாவாது. வளர்ந்த புங்கமரம் இதைத் தாங்கிக்கொள்ளும்.

மாவிலையில் சிறு கொப்புளங்கள் என்றால், பெரும்பாலும் கொசுவைப் போன்ற ஒரு சிறு ஈயின் புழு. ஏழிலைப்பாலை இலையில் உருண்டைகள் என்றால், சாறு உறிஞ்சும் ஒரு குட்டிப் பூச்சி. எந்த மரம், என்ன வடிவம் என்ற இரண்டையும் வைத்தே பெரும்பாலும் ஆளைப் பிடித்துவிடலாம்.

கல்யாண முருங்கை விஷயம் மட்டும் வேறு. அதைத் தாக்கும் குளவிக்கு 2004-இல்தான் அறிவியல் பெயரே வைத்தார்கள். அது பல நாடுகளுக்குப் பரவி, ஹவாயில் ஏராளமான மரங்களைக் கொன்றுவிட்டது. நம் பின்கேட் அருகே ஒரு கல்யாண முருங்கை நிற்கிறது. அதன் இளந்தண்டும் இலைக்காம்பும் வீங்கிச் சுருண்டிருந்தால் உடனே சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள்.